வாகை சூடிய பனியன்

(மாணவர்கள் ஏற்பாடு செய்த கூட்டம் ஒன்றில் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, சில இடங்களில் சேர்த்தும் குறைத்தும் திருத்தப்பட்டுள்ளது. பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன மாசம் இதே அறையில் கவிதை வாசிக்க வந்தப்ப நான் காலர் வச்ச ஒரு பனியன் போட்டிருந்தேன். கறுப்பு. காலரிலும் கைவிளிம்பிலும் ரெண்டு மஞ்சள் கோடு. நெஞ்சில் ஒரு சின்ன இலைமாலை. நான் வேலை பார்க்கிற பேங்க் கிளை திருப்பூரில் இருக்கு. அங்கே நடைபாதையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினது. அசல் என்று நான் உரிமை கொண்டாடவில்லை.

கூட்டம் முடிஞ்சதும் ஒரு தம்பி செல்போனைக் கொண்டுவந்து நீட்டினார். அமெரிக்காவில் ஒரு ஊர்வலம். கையில் தடியோட வெள்ளைக்காரனுங்க. அத்தனை பேரும் இதே கறுப்பு, இதே மஞ்சள், இதே மாலை. "அண்ணா, இது அந்த நிறவெறிக் கும்பலோட யூனிஃபார்ம். இதைப் போட்டுக்கிட்டு நீங்க விடுதலைக் கவிதை வாசிக்கிறீங்களே?" என்று கேட்டார். நான் சிரிச்சுக்கிட்டே, "போங்க தம்பி, சட்டையில என்ன இருக்கு?" என்று சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறுத்திச்சு. சட்டையில என்ன இருக்கு என்று கேட்கிற உரிமை எனக்கு இருக்கா? முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டினதுக்கும், சலவைச் சட்டை போட்டதுக்கும் அடிவாங்கின தாத்தாக்களோட பேரன் நான். சட்டையில என்ன இருக்கு என்பது நம்மை அடிச்சவன் பேச வேண்டிய வசனம். அதை நான் பேசிட்டேன். அதனால் இன்றைய பேச்சை ஒரு சுயவிமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டை எங்கே பிறந்தது, யார் யார் உடம்பில் ஏறியது, யாரை அடித்தது, யாரோடு நின்றது என்று முடிந்தவரை படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சட்டையின் பெயர் ஃபிரெட் பெர்ரி. அது ஒரு மனுஷனோட பேரு. 1909-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் ஊரில் பிறந்தவர். நூற்பாலைகள் நிறைந்த ஊர். அப்பா சாமுவேல் பெர்ரி பஞ்சாலையில் நூல் நூற்றவர். கூட்டுறவு இயக்கத்தில் வளர்ந்து, 1923-இல் கெட்டரிங் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். மகன் முதலில் மேசைப்பந்தில் 1929-இல் உலகச் சாம்பியன். பிறகு டென்னிசுக்கு வந்தார். அந்தக் காலத்து டென்னிஸ் என்பது கிளப்பும் பங்களாவும் சேர்ந்த ஆட்டம். பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன், பரம்பரைச் சொத்துக்காரன் ஆடுகிற ஆட்டம். அதில் நூல் நூற்றவன் மகன் 1934, 35, 36 என்று மூன்று வருஷம் தொடர்ந்து விம்பிள்டனில் ஜெயித்தார்.

முதல் வெற்றியன்று நடந்ததை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆட்டம் முடிந்து குளித்துக்கொண்டிருக்கிறார். வெளியே கிளப் கமிட்டிக்காரர் ஒருவர், தோற்றுப்போன ஆஸ்திரேலியக்காரரிடம், இன்றைக்குத் தகுதியானவன் ஜெயிக்கவில்லை என்று ஆறுதல் சொல்வது காதில் விழுகிறது. ஜெயித்தவருக்குத் தர வேண்டிய கிளப் டையை யாரும் கையில் கொடுக்கவில்லை. நாற்காலி முதுகில் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள். கையில் கொடுத்தால் விரல் படுமே! தோழர்களே, இந்தக் காட்சிக்கு நான் அருஞ்சொற்பொருள் எழுத வேண்டியதில்லை. தூக்கிப் போடுவதை வாங்கிப் பழகிய கைகள் நம்முடையவை.

1936 கடைசியில் அவர் காசு வாங்கி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். உடனே கிளப் உறுப்பினர் தகுதி பறிபோனது. பரம்பரைப் பணத்தில் ஆடுகிறவன் கனவான், கூலி வாங்கி ஆடுகிறவன் தீட்டுப்பட்டவன். அதே விம்பிள்டன் 1984-இல் அவருக்குச் சிலை வைத்தது.

சட்டைக்கு வருவோம். திபி வெக்னர் என்று ஒருவர், ஆஸ்திரியாவில் கால்பந்து ஆடியவர். 1940-களின் இறுதியில் வியர்வை துடைக்கும் மணிக்கட்டுப் பட்டை ஒன்றோடு பெர்ரியிடம் வந்தார். ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்து 1952-இல் இந்தப் பருத்திச் சட்டையை விம்பிள்டனில் இறக்கினார்கள். முதலில் வெள்ளை மட்டும்தான். அடையாளமாக லாரல் இலைமாலை. நம்ம மொழியில் சொன்னால் வாகை. நாற்காலியில் டையைத் தொங்கவிட்டவர்களின் மைதானத்திலேயே, தன் பெயரில் வாகை சூடிக்கொண்டு வந்து நின்றார் நூற்பாலைத் தொழிலாளி மகன்.

இது நெய்த துணி அல்ல, பின்னிய துணி. நெசவில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக இறுகி நிற்கும். பின்னலில் நூல் கண்ணி கண்ணியாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போகும். அதனால் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். பிக்கே என்கிற பின்னலில் துணி முகத்தில் சின்னச் சின்னக் குழி விழும். காற்று போகும், வியர்வை ஒட்டாது. டென்னிசுக்காகச் செய்தது. ஆனால் அதை வேறு ஒரு கூட்டம் ராத்திரிக்கு எடுத்துக்கொண்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் லண்டனில் 'மாட்ஸ்' என்று ஒரு இளைஞர் கூட்டம். பலர் ஆபீஸ் பையன்கள், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள். அதாவது எங்க ஆளுங்க! பகலெல்லாம் மேலதிகாரிக்கு முன்னால் பேரேடு எழுதுகிறவன், ராத்திரி மேலதிகாரியைவிட நன்றாக உடுத்திக்கொண்டு வெளியே வந்தான். விடிய விடிய ஆடினாலும் கசங்காத சட்டை வேண்டும். கழுத்துப் பொத்தான் வரை போட்டால் கோட்டுக்குள்ளும் மிடுக்காக நிற்க வேண்டும். ஃபிரெட் பெர்ரி அதற்குச் சரியாக இருந்தது. அதற்குள் வெள்ளை போய் கலர் வந்திருந்தது, காலரில் இரட்டைக் கோடு வந்திருந்தது. சுத்தமாக உடுத்துவது சிலருக்கு அலங்காரம், சிலருக்கு எதிர்ப்பு.

இன்னொரு பக்கம் கரீபியன் தீவுகள். 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரித் துறைமுகத்துக்கு வந்தது. போரில் இடிந்த நாட்டை நிமிர்த்த உழைப்பாளிகள் தேவைப்பட்டார்கள். வந்தவர்களுக்கு வாடகைக்கு வீடில்லை, கிளப்பில் நுழைய அனுமதியில்லை. அவர்கள் தங்கள் நிலவறைகளில் பெரிய ஒலிபெருக்கிகள் கட்டி, ஸ்கா இசை போட்டு, தாங்களே ஆடினார்கள். கிங்ஸ்டன் சேரிகளின் 'ரூட் பாய்ஸ்' உடுத்தும் விதம் அவர்களோடு வந்தது. குட்டை முடி, குட்டைக் கால்சட்டை, சின்னத் தொப்பி. பக்கத்துத் தெரு வெள்ளைத் தொழிலாளிப் பையன் இதைப் பார்த்தான், கேட்டான், அதே தளத்தில் ஆடினான்.

மாட்ஸ் கூட்டத்தின் ஏழை முனையும் ஜமைக்கா இளைஞர்களின் பாணியும் கலந்து, 1968-69 வாக்கில் பிறந்ததுதான் ஸ்கின்ஹெட். ஒட்ட வெட்டின தலை, தொழிற்சாலை பூட்ஸ், தோளில் பட்டை, நெஞ்சில் வாகைமாலை. இன்றைக்கு ஸ்கின்ஹெட் என்றாலே நாஜி என்று நினைக்கிறோம். பிறக்கும்போது அவன் கேட்டது கறுப்பு இசை. 1969-இல் ஜமைக்காவின் டெஸ்மண்ட் டெக்கரின் பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தபோது அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்களில் இவர்களும் உண்டு.

இந்த இடத்தில் நம் இடதுசாரி நண்பர்கள் சிலர் கைதட்டி நிறுத்திவிடுவார்கள். வெள்ளைத் தொழிலாளி, கறுப்புத் தொழிலாளி, ஒரே நடனம், ஒரே சட்டை, முடிந்தது புரட்சி! முடியவில்லை தோழர்களே.

அதே பையன்கள் நடனம் முடிந்து வெளியே வந்து, தெருவில் தனியாகப் போகிற தெற்காசியனைத் தேடி அடித்தார்கள். அதற்கு 'பாக்கி-பேஷிங்' என்று விளையாட்டு மாதிரி ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். 1970 ஏப்ரலில் கிழக்கு லண்டனில் தோசிர் அலி வேலை முடிந்து வீடு திரும்பும்போது குத்திக் கொல்லப்பட்டார். பாகிஸ்தானியா, வங்காளியா, குஜராத்தியா, தமிழனா என்று பூட்ஸ் விசாரிப்பதில்லை. அந்தத் தெருவில் அன்று நான் நடந்திருந்தால் நானும் 'பாக்கி'தான்.

இதில் ஒரு முரண். அவர்கள் ஆடிய இசைத்தட்டுகளில் பல 'ட்ரோஜன்' என்ற கம்பெனி வெளியிட்டவை. அதை 1968-இல் நிறுவியவர்களில் ஒருவர் லீ கோப்தால். ஜமைக்காவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், கணக்கர் வேலை பார்த்தவர். அதாவது ஒரு இந்திய முகத்துக் கணக்கப்பிள்ளை போட்டுக்கொடுத்த தட்டுக்கு ஆடிவிட்டு, இந்திய முகங்களைத் தேடி அடித்திருக்கிறார்கள். கலாச்சாரத்தை ரசிப்பது வேறு, அந்தக் கலாச்சாரத்தின் மனிதனை மனிதனாக ஏற்பது வேறு. நம் பாட்டைக் கேட்டுத் தலையாட்டுகிறவன் நம் வீட்டில் தண்ணீர் குடிப்பானா என்று நாம் கேட்பதும் அதனால்தான்.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஹால் தலைமையில் இயங்கிய கலாச்சார ஆய்வு மையம் இந்த இளைஞர்களைப் பற்றி எழுபதுகளில் நிறைய எழுதியது. கிழக்கு லண்டனில் துறைமுக வேலை சுருங்கியது, பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அப்பனின் வேலையும் தெருவும் போனபின், தொலைந்த சமூகத்தை உடையில், தலைமுடியில், பூட்ஸில் மீட்கப் பார்த்தான் ஸ்கின்ஹெட் என்றார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் தன் தெரு போன கோபத்தில் அவன் வீடிடித்த நகரசபையை உதைக்கவில்லை, தனக்குக் கீழே என்று நினைத்தவனை உதைத்தான். 1968 ஏப்ரலில் ஈனாக் பவல் பர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கியபோது, அவரை ஆதரித்து ஊர்வலம் போனவர்களில் லண்டன் துறைமுகத் தொழிலாளிகளும் இருந்தார்கள். இன்னொரு குறையை ஆஞ்சலா மெக்ராபி 1980-இல் சுட்டிக்காட்டினார். இந்த ஆய்வுகளில் பெண்கள் எங்கே? தெருவைச் சுற்றிய பையனின் சட்டையை எழுதியவர்கள் அதைத் துவைத்தவளை எழுதவில்லை. பெண்களும் இதே சட்டையைப் போட்டார்கள், இதே இசைக்கு ஆடினார்கள்.

இன்னும் ஒன்று விடுபட்டது. பின்னியவர்கள். பின்னலாடை வரலாற்றில் 1972-ஐ நாம் மறக்கக்கூடாது. லஃப்பரோ என்ற ஊரில் மேன்ஸ்ஃபீல்ட் ஹோசியரி ஆலை. வாகைமாலைச் சட்டைக்கும் அந்த ஆலைக்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்லவில்லை, தொழில் ஒன்றுதான். அங்கே கூலி அதிகமுள்ள பின்னல் எந்திர வேலை வெள்ளையர்களுக்கு. எந்திரத்துக்குச் சரக்கு ஏற்றித் தரும் கீழ்வேலை ஆசியர்களுக்கு. அந்த அக்டோபரில் ஏறக்குறைய 500 ஆசியத் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வோடு, பின்னல் வேலை எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சந்தா கட்டிய சங்கமே தயங்கி நின்றது. வெள்ளைத் தொழிலாளி தன் எந்திரத்தை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. உழைப்பைப் பிரிப்பது வேறு, உழைப்பவர்களையே மேல்கீழாக அடுக்குவது வேறு என்று அண்ணல் 1936-இலேயே விளக்கிவிட்டார். லஃப்பரோவில் அது நிறத்தின் பெயரில் நடந்தது.

எழுபதுகளில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற பாசிசக் கட்சி இந்தப் பையன்களிடம் வந்தது. கால்பந்து மைதான வாசலில், கச்சேரி வாசலில் ஆள் பிடித்தது. உன் வேலையை எடுத்தது அவன்தான் என்று கை நீட்டிக் காட்டியது. வாகைமாலைச் சட்டை பாசிச ஊர்வலத்தில் ஏறியது இப்படித்தான்.

எதிர்ப்பும் அதே தெருவிலிருந்துதான் வந்தது. 1976-இல் எரிக் கிளாப்டன் மேடையில் பவலை ஆதரித்துப் பேசினார். கறுப்பு இசையை வாசித்துப் பிழைத்தவர்! அதைக் கண்டித்து 'இனவெறிக்கு எதிராக ராக்' இயக்கம் தொடங்கியது. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரம் பேர் நடந்தார்கள். நாலே நாள் கழித்து, மே 4 அன்று, அதே கிழக்கு லண்டனில் அல்தாப் அலி வேலை முடிந்து வரும்போது கொல்லப்பட்டார். அவர் உடை தைக்கும் தொழிலாளி. பத்து நாள் கழித்து அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வங்காளிகள் பிரதமர் வீடு வரை நடந்தார்கள். பாட்டு வேண்டும், ஆனால் பாட்டு மட்டும் போதாது என்பதை அந்த நாலு நாள் இடைவெளி சொல்கிறது.

1979-இல் மோட்டார் தொழிற்சாலை நகரமான கவன்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் 'டூ டோன்' என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். கறுப்பு-வெள்ளைக் கட்டங்கள்தான் அதன் கொடி. அவருடைய 'தி ஸ்பெஷல்ஸ்' குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில். பாடகர் டெர்ரி ஹால் போட்டது ஃபிரெட் பெர்ரி. 'தி செலக்டர்' குழுவில் பாலின் பிளாக் என்ற கறுப்புப் பெண் ரூட் பாயின் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பாடினார். பறிபோன சட்டையை மேடைபோட்டுத் திரும்பக் கேட்டார்கள். கூட்டத்திலும் இதே சட்டை போட்ட பாசிஸ்டுகள் வந்து கோஷம் போட்டார்கள். மேடையிலும் வாகைமாலை, கீழேயும் வாகைமாலை. குழுவின் லின்வால் கோல்டிங்கே நிறவெறியர்களால் தாக்கப்பட்டார்.

1981-ஐப் பாருங்கள். ஏப்ரலில் அதே கவன்ட்ரியில் சத்னாம் சிங் கில் என்ற மாணவர் ஸ்கின்ஹெட் கும்பலால் கொல்லப்பட்டார். உங்கள் வயது. ஜூனில் ஸ்பெஷல்ஸ் அந்த ஊரிலேயே இனவெறிக்கு எதிராகக் கச்சேரி நடத்தினார்கள். ஜூலை 3 அன்று சவுத்தாலில், ஆசியர்கள் வாழும் பகுதி நடுவில் உள்ள மதுக்கடையில் ஸ்கின்ஹெட் இசைக்குழுக்களின் கச்சேரி. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். அன்று சவுத்தால் இளைஞர்கள் வீட்டுக்குள் கதவடைத்துக்கொள்ளவில்லை. வீதிக்கு வந்தார்கள். மதுக்கடை எரிந்து போனது. அந்த மாதமே, வேலையில்லாமல் பாழடைந்த நகரத்தைப் பற்றிய ஸ்பெஷல்ஸின் பாட்டு நாட்டில் முதலிடத்தில் இருந்தது.

இந்தச் சட்டை யாருடையது? வெகுமக்கள் கலாச்சாரம் ஒரு சண்டைக்களம், அதில் எந்த அடையாளமும் ஒரே தரப்புக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல என்று ஸ்டூவர்ட் ஹால் வாதிட்டார். ஜமைக்காவில் பிறந்தவர், பட்டுத் தெரிந்தவர். நான் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். சண்டை நடக்கிறது என்பதால் ரெண்டு தரப்பும் சமம் ஆகிவிடாது. அடிபட்டவனுக்கு அந்தச் சட்டை ஆய்வுப்பொருள் அல்ல. இருட்டில் எதிரே வரும் நெஞ்சில் இலைமாலை தெரிந்தால் அவன் ரோட்டின் மறுபக்கம் போகத்தான் செய்வான். நான் டூ டோன் தட்டு கேட்கிறவனா, இவனை உதைக்கிறவனா என்று கண்டுபிடிக்க வேண்டிய கடமை அவனுக்கு இல்லை.

இனி தம்பி காட்டிய படம். அந்தக் கும்பல் 'பிரவுட் பாய்ஸ்'. 2016-இல் அமெரிக்காவில் தொடங்கியது. கறுப்பு-மஞ்சள் வாகைச் சட்டையைத் தங்கள் சீருடையாக்கிக்கொண்டது. பெர்ரி உழைக்கும் வர்க்க சோசலிஸ்ட் ஒருவரின் மகன், அவரோடு கம்பெனி தொடங்கியவர் யூதர் என்று 2017-இல் கம்பெனித் தலைவர் பதில் சொன்னார். 2019 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த நிறச் சட்டையை விற்பதை நிறுத்திவிட்டதாக 2020-இல் கம்பெனி அறிவித்தது. செய்தது சரி. ஆனால் 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனுக்குப் போகும்போது, கறுப்பு-மஞ்சள் போடாமல் வாருங்கள் என்று அந்தக் கும்பலின் தலைவரே சொல்லி அனுப்பினார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் பாராளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். தலைவருக்கு 2023-இல் 22 ஆண்டு சிறை கிடைத்தது. 2025 ஜனவரியில் அதிபரின் மன்னிப்பும் கிடைத்தது. வெறுப்புக்குச் சட்டை கட்டாயமில்லை. சட்டையைத் தடை செய்தால் வெறுப்பு போய்விடாது.

கம்பெனியையும் நான் புனிதப்படுத்தவில்லை. பெர்ரி இறந்த 1995-இலேயே அது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கைக்குப் போனது. பையன்களின் கலகம் இன்று பாரம்பரியம் என்ற பெயரில் விலை போட்டு விற்பனைக்கு இருக்கிறது. உதைத்தவன் கதையும் உதைபட்டவன் கதையும் அந்த விலைச்சீட்டில் இருக்காது. பிரிட்டனின் கடைகளுக்குப் போகும் பலவகைப் பின்னலாடைகளுக்கான ஏற்றுமதி பில்கள் என் மேசைக்கும் வருகின்றன. எத்தனை உருப்படி, என்ன விலை, எந்தத் துறைமுகம் எல்லாம் அதில் இருக்கும். பின்னியவள் பெயருக்குக் கட்டம் கிடையாது.

தம்பிக்கு இப்போது என் பதில். சட்டையில என்ன இருக்கு என்று சொன்னது தப்பு. அதில் நாற்காலியில் தொங்கவிட்ட டை இருக்கு, கிங்ஸ்டன் இசை இருக்கு, தோசிர் அலியின் ரத்தமும் இருக்கு. சட்டையே குற்றவாளி என்று நீங்கள் சொன்னாலும் தப்பு. அப்படிச் சொன்னால் நூல் நூற்றவன் மகன் சம்பாதித்த வாகையைத் தடிக்காரனுக்கே பத்திரம் எழுதிக் கொடுத்ததாகும். போட்டிருப்பவன் யாரோடு நிற்கிறான், யாருக்கு எதிராக நிற்கிறான் என்பதுதான் கேள்வி. அதை அவன் வாயால் கேட்கக்கூடாது, நடத்தையில் பார்க்கணும்.

அந்தக் கறுப்பு-மஞ்சளை நான் இன்றைக்குப் போட்டுட்டு வரலை. பயந்து அல்ல. ஒருத்தர் அதைப் பார்த்துச் சங்கடப்பட்டு வாய்விட்டுக் கேட்டபின், முதலில் பதில், பிறகு சட்டை என்பதுதான் முறை. பதில் சொல்லிட்டேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பீர்கள். இனி நீங்க பேசுங்க, நான் கேட்கிறேன்.